வெளி லென்ஸ் பிரியா

கோவில்பட்டியில் நடக்கிற கல்யாணங்களில் பாதிக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் யார் யாரை முறைத்தார்கள், எந்த மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டான், எந்தப் பெரியப்பா எல்லாப் பந்தியிலும் உட்கார்ந்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் தொழில் அப்படி. எட்டயபுரம் ரோட்டில் ஒரு மாடியில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற கடை வைத்திருக்கிறேன். பெயர் பூவனலிங்கம். சுற்றுவட்டாரத்து போட்டோகிராஃபர்கள் எடுத்ததை எடுத்தபடி என் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். பொறுக்குவது, வெட்டுவது, நிறம் திருத்துவது, மாப்பிள்ளையின் மூக்கு வியர்வையைத் துடைத்துவிடுவது எல்லாம் என் தலையில். ஒருவர் எப்படிப்பட்ட போட்டோகிராஃபர் என்பதை அவர் பேச்சை வைத்து நான் முடிவு கட்டுவதில்லை. அவர் எடுத்ததில் நான் வேண்டாம் என்று தள்ளுகிற படங்களைப் பார்த்தால் போதும்.

அப்படிப் பார்த்துத்தான் சொல்கிறேன். இன்றைக்கு இந்த ஊரில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கிருஷ்ணப்ரியா. வெளி லென்ஸ் பிரியா என்றால் எல்லாருக்கும் தெரியும். கேலியாக வைத்த பெயர்தான். அவளை முதல் ஆள் என்று நான் சொன்னால் சில பேருக்கு வயிறு எரியும், எரியட்டும்.

பிரியாவுக்குச் சொந்த ஊர் புதூர்ப் பக்கம். அப்பா செண்பகராஜ் செம்மறி ஆடு வைத்திருக்கிறார். மழை ஏமாற்றாத வருஷங்களில் உளுந்தும் பாசியும் விதைப்பார். அறுவடை முடிந்த காடுகளில் உரத்துக்காக ஆடுகளைக் கிடை போடப் போனால் வாரக்கணக்கில் வீட்டுப் பக்கம் வரமாட்டார். பிரியா பள்ளிக்கூடம் முடித்ததும் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு வந்தாள். அங்கே நிலைக்கவில்லை. மருந்து வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் சொல்வாள். மேஸ்திரி எது சொன்னாலும் ஏன் என்று திருப்பிக் கேட்டதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

அடுத்து நவநீதகிருஷ்ணனின் ஸ்டூடியோவில் பில் போடுகிற வேலை. நவநீதகிருஷ்ணன் இந்த ஊரின் பெரிய போட்டோகிராஃபர். பெரிய கேமரா, பெரிய மீசை, பெரிய பேச்சு. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களை அவர் போலீஸ் விசாரணை மாதிரி நிமிர்ந்து உட்கார வைப்பார். அவர் வெளியே போயிருந்த ஒரு நாள் பிரியா கேமராவை எடுத்து, எதிரே இருந்த பெரியவரிடம் உங்கள் வீட்டில் எத்தனை மாடு என்று கேட்டுக்கொண்டே எடுத்திருக்கிறாள். பாஸ்போர்ட் போட்டோவிலும் ஒரு மனிதன் மனிதன் மாதிரியே இருக்க முடியும் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நவநீதகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. அவள் கையைப் பார்த்ததும் கல்யாணங்களுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்துவிட்டார். ஆனால் எதற்கு? பெண்ணுக்கு அலங்காரம் செய்கிற அறைக்குள் ஆண்கள் போக முடியாது, அதற்கு. அங்கே எடுத்து முடித்தவுடன் சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பிவிடுவார். கெட்டிமேளம் கொட்டும்போது மணவறைக்கு முன்னால் அவர் நிற்பார், பிரியா இலையில் விழுகிற அப்பளத்தை எடுத்துக்கொண்டிருப்பாள். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. அவள் எடுத்த முகூர்த்தம் என்று ஒரு படம்கூடக் கிடையாது.

பிறகு தனியாக ஆர்டர் பிடிக்க ஆரம்பித்தாள். காதுகுத்து, வளைகாப்பு, பிறந்தநாள் எல்லாம் வந்தது. கல்யாணம் மட்டும் வரவில்லை. அத்தனை கூட்டத்தை ஒரு பொம்பளைப் பிள்ளையால் ஒதுக்க முடியுமா என்று கேட்பார்கள். அவள் குரலைக் கேட்காதவர்கள் கேட்கிற கேள்வி அது.

இந்தச் சமயத்தில்தான் லென்ஸ் வாங்கினாள். இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரப்போகிற மாரிராஜ் மாதிரி நீங்களும் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். கேமராவைச் செய்கிற கம்பெனியே அதற்கு லென்ஸும் செய்து விற்கும். அது கம்பெனி லென்ஸ். கேமராவே செய்யாமல், எல்லாக் கேமராவுக்கும் பொருந்துகிற மாதிரி லென்ஸ் மட்டும் செய்கிற கம்பெனிகளும் உண்டு. அதைத் தேர்ட் பார்ட்டி என்பார்கள், எங்கள் ஊரில் வெளி லென்ஸ். விலை குறைவு, எடையும் குறைவு. அதற்கும் வாரண்டி உண்டு, அதிலும் கெட்டிக்கார இன்ஜினியர்கள்தான் வேலை பார்க்கிறார்கள். ஆனால் நம் ஆட்களுக்கு அது டூப்ளிகேட். பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டு விற்கிற சோப்பு மாதிரி நினைத்துக்கொள்வார்கள்.

பிரியா இரண்டையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஒரே இடத்தில் ஒரே ஆளை நிற்க வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த ஆள் அவள் கணவன் கிருஷ்ணகுமார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வெயிலில் நின்று நின்று கறுத்தே போயிருந்தார். நான் படங்களைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தேன். எதிர்வெயிலில் கம்பெனி லென்ஸ் சுத்தமாக இருந்தது, வெளி லென்ஸில் லேசாக ஒரு வெளிறல். இருட்டான மண்டபத்தில் கம்பெனி லென்ஸ் முகத்தைச் சட்டென்று பிடித்தது, வெளி லென்ஸ் கொஞ்சம் யோசித்துப் பிடித்தது. மற்றபடி என் கண்ணுக்கே வித்தியாசம் தேட வேண்டியிருந்தது. உள்ளதை அப்படியே சொன்னேன்.

“இந்த வித்தியாசம் ஆல்பத்துல தெரியுமா அண்ணாச்சி?”

“ஆல்பத்துல தெரியாது. எனக்குத் தெரியும்.”

“அப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆகும்போது கம்பெனி லென்ஸ் வாங்கிக்கிடுதேன்” என்றாள்.

எனக்குப் பேரன் இருக்கிறான். கிருஷ்ணகுமார் சிரிப்பை அடக்க வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பெனி லென்ஸ் ஒன்று வாங்குகிற காசில் அவள் வெளி லென்ஸும் வாங்கி, இரண்டாவதாக ஒரு கேமராவும் வாங்கினாள். ஒரு கேமரா மக்கர் செய்தால் இன்னொன்று கையில் இருக்கும். யோசித்துப் பார்த்தால் அதுதான் தொழில் தெரிந்தவள் செய்கிற காரியம். ஆனால் அன்றைக்கு நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த லென்ஸில் ஒரு சங்கடம் இருந்தது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்க ஒரு வளையத்தைத் திருப்ப வேண்டும். நவநீதகிருஷ்ணனின் கம்பெனி லென்ஸில் அது ஒரு பக்கம் திரும்பும், இதில் நேர் எதிர்ப்பக்கம். புதிதாக வாங்கிய கையோடு ஒரு குலதெய்வக் கோயிலுக்குக் காதுகுத்து எடுக்கப் போனாள். தாய்மாமன் மடியில் குழந்தை. ஆசாரி ஊசியை வைக்கிற நேரம் மாமன், அத்தை, பாட்டி, அழுகிற அம்மா எல்லாரும் படத்துக்குள் வர வேண்டும். கை பழைய ஞாபகத்தில் திருப்பிவிட்டது. எல்லாரும் விரிந்து வருவதற்குப் பதிலாக ஒரு காது மட்டும் முறம் அளவுக்கு வந்து நின்றது. அதை வைத்து என்ன ஆல்பம் போடுவது? பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொன்னேன்.

அவள் கேட்கவில்லை. லென்ஸின் மேல் அவளுக்குக் கோபமே இல்லை, கோபம் எல்லாம் கையின் மேல்தான். நேரே அப்பா கிடை போட்டிருந்த கரிசல்காட்டுக்குப் போய்விட்டாள். செம்மறிக் குட்டிகளைத் தனியாக அடைத்து வைத்திருப்பார்கள். காலையில் திறந்துவிட்டால் ஒவ்வொன்றும் கத்திக்கொண்டே தன் தாயைத் தேடி ஓடும். ஒரு குட்டியின் முகத்தை நெருக்கிப் பிடித்து, அது தாயிடம் போய் முட்டுகிற அந்த நிமிஷத்தில் மந்தை முழுக்கத் தெரிகிற மாதிரி விரிக்க வேண்டும். இதுதான் அவள் தனக்கு வைத்துக்கொண்ட பயிற்சி. முகூர்த்தக் கூட்டத்தைவிட அது மோசமான கூட்டம், சொன்ன பேச்சையும் கேட்காது. செண்பகராஜ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆடுகளையும் ரேஷன் கார்டில் சேர்க்கப் போகிறாயா என்று கேட்டாராம்.

அந்தப் படங்களையெல்லாம் பார்க்கிற பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது. முதலில் வந்தவற்றில் ஆட்டு மூக்கு, ஆட்டுக் காது, ஆட்டுப் புட்டம். நாள் ஆக ஆகக் குட்டியும் தாயும் மந்தையும் பின்னால் கம்பை ஊன்றி நிற்கிற செண்பகராஜும் சேர்ந்து ஒரே படத்துக்குள் வர ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அவள் வளையத்தைப் பார்த்துத் திருப்பவில்லை. கை தானாகவே திருப்பியது.

இந்த நேரத்தில்தான் அவளுக்கு முதல் கல்யாணம் வந்தது. கடம்பூர்ப் பக்கத்து மாரிராஜ், பிரியாவுக்கு அம்மா வழியில் மாமா முறை. ஆட்டு வியாபாரம் செய்கிறவர். கொஞ்சம் நிலமும் உண்டு. அவர் மகள் தீபலட்சுமி, பிரியா அக்கா எடுத்தால்தான் போட்டோ, இல்லையென்றால் போட்டோவே வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். மாரிராஜும் சம்மதித்து, ஆல்பம் மாடல் பார்க்க பிரியாவோடு என் கடைக்கு வந்தார். ஆடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மனிதர் அவர். வந்து உட்கார்ந்ததும் கேமராவை வாங்கி லென்ஸில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். அப்புறம் கேமராவில் இருந்த பெயரைப் படித்தார். முகம் மாறிவிட்டது. யூடியூபில் யாரோ பேசியதைக் கேட்டுத் தேர்ட் பார்ட்டி என்கிற வார்த்தையைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்.

“ஏட்டி பிரியா, நீ நல்லா எடுப்ப, அதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா மாரிராஜ் மக கல்யாணத்த டூப்ளிகேட் லென்ஸ் போட்டு எடுத்தாகன்னு நாளைக்கு ஒருத்தன் பேசிரக் கூடாது.”

“டூப்ளிகேட் இல்ல மாமா, வேற கம்பெனி. எங் கை இதுலதான் பழகியிருக்கு.”

“கை பழகிக்கிடும். கம்பெனி லென்ஸ்ல எடுக்கதா இருந்தா நீ எடு. இல்லன்னா நவநீதகிருஷ்ணன்ட்ட சொல்லிருதேன். நீ வழக்கம்போல பொண்ணு ரூம்ல எடுத்துக்கோ.”

கடைசியாகச் சொன்னதுதான் அவளைத் தைத்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலேயே அவளைப் பெண் அறைக்கு அனுப்பினால், அப்புறம் வெளியார் யார் அவளை மணவறை முன்னால் நிற்க வைப்பார்கள்? இதுவும் போனால் அப்பளம்தான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்பெனி லென்ஸிலேயே எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அவர் படி இறங்கின பிறகு, பழகாத லென்ஸில் எடுக்க ஏன் ஒத்துக்கொண்டாய் என்று நான் கத்தினேன். அவள் கேமராவைப் பைக்குள் வைத்தாள்.

கம்பெனி லென்ஸை வாடகைக்குக் கேட்கவும் நவநீதகிருஷ்ணனிடம்தான் போக வேண்டியிருந்தது. அவர் மீசையை நீவிக்கொண்டே கொடுத்தார். லென்ஸின் முன்னால் பாதுகாப்புக்கு ஒரு ஃபில்டர் கண்ணாடி போடுவது வழக்கம். அவர் போடமாட்டார். இவ்வளவு உசத்தியான கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி எதற்கு என்பது அவர் கட்சி. முகூர்த்தத்தைத் தவற விட்டுவிட்டு என்னிடம் வந்து அழாதே என்றாராம். அழுதால் உங்கள் லென்ஸ் நனைந்துவிடும், அதனால் அழமாட்டேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்த லென்ஸில் எடுத்துப் பழகிப் பார்த்தாள். எனக்குக் கவலையே அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் வந்தது. ஆடுகளிடம் பாடுபட்டுக் கற்ற கை, இப்போது எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் தடுமாறியது. அவளும் பார்த்தாள். சமாளித்துக்கொள்வேன் அண்ணாச்சி என்றாள். அவள் இப்படிச் சுரத்தில்லாமல் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

கல்யாணம் கோவில்பட்டியில், நல்ல பெரிய மண்டபத்தில். எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. மாரிராஜ் பட்டு வேட்டியில் வாசலிலேயே நின்றார். வருகிறவர்களை வாங்க என்று கூப்பிட்ட கையோடு பிரியாவின் தோளில் தொங்கிய கேமராவைக் காட்டி, கம்பெனி லென்ஸ் என்றார். புளி வியாபாரிக்கும் சொன்னார், பாங்க் மேனேஜருக்கும் சொன்னார். அவர் பக்கத்தில் அவருடைய அக்கா சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் வைத்த தட்டோடு நின்றார். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். நல்ல காரியத்தில் உழைக்க வந்த எதற்கும் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டார்கள். சமையல்காரரின் அடுப்புக்கு வைத்தாகிவிட்டது, தவிலுக்கு வைத்தாகிவிட்டது, மாப்பிள்ளை வந்த காரின் ஹெட்லைட் இரண்டுக்கும் வைத்தாகிவிட்டது.

பெண் அறையில் எடுத்து முடித்துவிட்டு பிரியா மணவறைப் பக்கம் வந்தாள். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாரிராஜோடு வாசலிலிருந்து உள்ளே வந்திருந்த அக்கா தட்டை நீட்டினார். பெரியவர் கையால் வைக்கும்போது தலை குனிவதுதான் மரியாதை, குனிந்தாள். நெற்றியில் வைத்தாகிவிட்டது. மாரிராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“லென்ஸுக்கும் வையி அக்கா. அதுதான இன்னைக்கு மெயினு.”

அந்த அம்மாள் மூன்று விரலால் குழைவான சந்தனத்தை வழித்து, லென்ஸின் கண்ணாடிக்கு நட்ட நடுவில், காருக்கு ஹெட்லைட்டில் வைத்தது போலவே வைத்து, அதற்கு மேல் குங்குமத்தையும் அழுத்தி வைத்துவிட்டார். பிரியா குனிந்த தலையை நிமிர்த்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் இரண்டு எட்டு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் மனசார, அன்பாக வைத்தார். அவரைப் போய் என்ன சொல்வது?

பிரியா தூணுக்குப் பின்னால் வந்து துணியால் ஒரு ஓரத்தை மெல்ல ஒற்றிப் பார்த்தாள், உடனே நிறுத்திவிட்டாள். குங்குமப் பொடியோடு சேர்த்துத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். தேய்க்காமல் விட்டால் சந்தனம் பரவும். கேமரா வழியே நான் பார்த்தேன், மண்டபம் முழுக்க மஞ்சள் புகை மூட்டமாகத் தெரிந்தது. மணவறையில் ஐயர் தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்கு அனுப்பிவிட்டார். மாரிராஜிடம் போய் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, பொட்டு வைத்த லென்ஸைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

“இத மட்டும் கவுத்திராதீங்க அண்ணாச்சி.”

அவ்வளவுதான் சொன்னாள். பையிலிருந்து தன் லென்ஸ் மாட்டிய இரண்டாவது கேமராவை எடுத்துக்கொண்டு போனாள். அந்த நடையைப் பார்த்ததுமே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. சமாளித்துக்கொள்வேன் என்று சொன்ன பிரியா இல்லை இவள். மேஸ்திரியிடம் ஏன் என்று கேட்ட பிரியா.

கெட்டிமேளம் கொட்டும் நேரம் எங்கள் பக்கத்தில் மணவறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? வெளியே சொந்தக்காரர்கள் வளையம், அதற்கு உள்ளே செல்போன்களின் வளையம், அதற்கும் உள்ளே அட்சதை போடுகிற கைகள். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மிச்ச முடிச்சைப் போட அவன் தங்கை பின்னாலிருந்து குனிவாள், அதில் பெண்ணின் முகம் மறையும். பிரியா முதலில் தீபலட்சுமியின் கண்ணை மட்டும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன்கள் உயர்ந்தன. கீழே இறக்குங்கள் என்று அவள் சொன்ன சத்தத்தில் தவில்காரரே ஒரு அடி தவறவிட்டார். போன்கள் இறங்கின. அந்த ஒரு மூச்சு இடைவெளியில் அவள் பக்கவாட்டில் ஓர் எட்டு வைத்தாள், இடது கை வளையத்தைத் திருப்பியது. குலவைச் சத்தத்தில் கேமராச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் ஒரு லென்ஸைத் தாம்பூலத் தட்டு மாதிரி மேலே பார்க்கப் பிடித்துக்கொண்டு, அட்சதை அதில் விழுந்துவிடாமல் துண்டால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த லென்ஸ் பிழைத்துக்கொண்டது. நவநீதகிருஷ்ணன் முதலில் ஊர் கேட்கிற மாதிரி கத்தினார். பிறகு காற்றடித்து, மருந்து விட்டு, பொறுமையாகச் சந்தனத்தை எடுத்தார். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த முறை நான் பார்த்தபோது லென்ஸுக்கு ஃபில்டர் போட்டிருந்தார்.

பிரியா கொண்டுவந்த படங்களைத் திறந்து பார்த்ததும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவளிடமும் சொன்னேன். படம் அருமையாக இருக்கிறது, எந்த லென்ஸில் எடுத்தது என்று ஒருத்தனுக்கும் தெரியப்போவதில்லை, மாரிராஜும் கம்பெனி லென்ஸ் என்று நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறார், வாயை மூடிக்கொண்டு இரு. அவள் தலையை ஆட்டவில்லை.

“மறச்சா, அது டூப்ளிகேட்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் அண்ணாச்சி. அப்புறம் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மறைக்கணும். நான் சொல்லிருதேன்.”

அந்த மனிதர் முன்கோபி, ஊரெல்லாம் சொந்தம், உன் பேரைக் கெடுத்துவிடுவார் என்றேன். கெடுக்கட்டும் என்றாள். எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

ஆல்பம் பார்க்க மாரிராஜ் தனியாகத்தான் வந்தார். மகள் மாப்பிள்ளையோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். முகூர்த்தப் படத்தில் மவுஸை நிறுத்தச் சொன்னார். தாலியைப் பிடித்த மாப்பிள்ளையின் விரல்கள், குனிந்த தங்கை, அவள் தோளுக்கும் வாழை மரத்துக்கும் நடுவில் தீபலட்சுமியின் முகம் முழுசாக. கம்பெனி கம்பெனிதான் என்று என் முதுகில் தட்டினார். நான் மானிட்டரைத் துடைக்கிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

பிரியா அவருக்கு எதிரே வந்து நின்று சொல்லிவிட்டாள். இது என் லென்ஸில் எடுத்தது மாமா, கம்பெனி லென்ஸில் இல்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்று சுற்றி வளைக்காமல் சொன்னாள். மாரிராஜ் எழுந்துவிட்டார். கல்யாண வீட்டில் அத்தனை பேரிடமும் அவர் சொன்னதெல்லாம் பொய்யாகிவிட்டதே. சொந்தம் என்று நம்பித்தானே கொடுத்தேன், ஒரு வார்த்தை அங்கேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டார். நம்பினது தப்பு என்றார். அவள் குறுக்கே பேசவில்லை. சந்தனம் வைத்ததைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் நாக்கு துடித்தது.

கத்திக்கொண்டே இருந்தவரின் கண் படத்தின் ஓரத்துக்குப் போயிற்று. படத்தில் வாழை மரத்துக்குப் பின்னால் ஒருத்தர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி முகம் கோணி அழுதுகொண்டிருந்தார். மாரிராஜ் குனிந்து பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார், பெரிதாக்கினேன். அது அவரேதான், மகளை அனுப்பிவைத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். ஸ்டூலை இழுத்துப்போட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

“இத அந்தக் கம்பெனி லென்ஸ் எடுத்திருக்காதா?” என்று சத்தமே இல்லாமல் கேட்டார்.

“எடுத்திருக்கும் மாமா. எடுக்க வேண்டிய நேரத்துல நீங்க அதுக்குப் பொட்டு வச்சு விட்டுட்டீங்க.”

மாரிராஜ் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்காவின் தட்டு ஞாபகத்துக்கு வருவது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஹெட்லைட் மாதிரியே நடுவில் வைத்தார்கள் என்று நானும் சேர்த்துச் சொன்னேன், அடக்க முடியவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அழுகிற படத்தை ஆல்பத்தில் தனிப் பக்கமாகப் போடச் சொன்னார்.

அவர் படி இறங்குவதற்குள் போன் வந்தது. கயத்தாறில் இருக்கிற மச்சினன். மகனுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார், தீபா கல்யாணத்துக்கு எடுத்த ஆளையே கூப்பிட வேண்டும் என்கிறார். மாரிராஜ் ஸ்பீக்கரில் போட்டார். அதே கம்பெனி லென்ஸ்தானே என்று மச்சினன் கேட்டது கடை முழுக்கக் கேட்டது. நீதான் வாசலில் நின்று சொன்னாயே என்றும் சேர்த்துக்கொண்டார். மாரிராஜ் போனை வாயருகே கொண்டுபோய்விட்டு, பிரியாவைப் பார்த்தார்.

பிரியா போனுக்குக் கிட்டே வந்தாள். “நான் பிரியா பேசுதேன் மாமா. கம்பெனி லென்ஸ் இல்ல, வெளி லென்ஸ். தீபா கல்யாண முகூர்த்தமும் அதுலதான் எடுத்தேன். உங்க வீட்டுக்கும் அதுலதான் எடுப்பேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க.”

அந்தப் பக்கத்திலிருந்து டூப்ளிகேட்டா என்று மெதுவாக ஒரு கேள்வி வந்தது. பிரியா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாரிராஜ் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

“டூப்ளிகேட்டுன்னு இன்னொரு தடவ சொன்னீருன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். அது எங்க பிரியா லென்ஸ்வே. நீரு மொதல்ல தேதியச் சொல்லும்.”